காண்டாக் கம்பும் சின்சேயின் ஊசியும்

கிள்ளானிலிருந்து பந்திங் போகிற சாலையில் தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டினால் ஜெஞ்சாரோம். சீனப் புத்தாண்டு நேரத்தில் டோங் சென் பௌத்த ஆலயத்தின் விளக்கு அலங்காரத்தைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மற்ற நாள்களில் இந்த ஊரை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் கோல லங்காட் வட்டாரத்தின் நூறாண்டு உழைப்பை உடம்பின் வழியாகப் படிக்க விரும்புகிறவருக்கு இது வாகான இடம். நடுவில் ஹொக்கியன் பேசும் சீனர்களின் புதுக்கிராமம். சுற்றிலும் முன்பு ரப்பரும் இன்று செம்பனையுமாக நிற்கிற தோட்டங்கள். லங்காட் ஆற்றைக் கடந்தால் கேரித் தீவு. இங்கே நடந்த தொழில்கள் எல்லாமே மனிதனின் முதுகையும் தோளையும் தின்று வளர்ந்தவை.

பால்மரம் வெட்டுகிறவரின் நாள் இருட்டில் தொடங்கும். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு தன் மர வரிசையான நிரைக்குள் நுழைந்தால் வெயில் ஏறுவதற்குள் நானூறு ஐநூறு மரங்களைச் சீவி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி செய்த சோதனைகளிலிருந்து பிறந்த வெட்டுமுறை இது. ஒவ்வொரு முறையும் பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிசாகச் சீவ வேண்டும். உள்ளே இருக்கும் வளர்தோலில் கத்தி பட்டால் மரத்துக்குக் காயம், வெட்டியவருக்குக் கங்காணியின் ஏச்சு. புதுப்பட்டையில் இடுப்புக்கு மேலே தொடங்கும் வெட்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல அடிமரத்தை நோக்கி இறங்கும். வெட்டுகிறவரும் கூடவே குனிந்துகொண்டு போவார். அடிப்பட்டை தீர்ந்ததும் மேல்பட்டை வரும். அப்போது தலைக்கு மேல் கையைத் தூக்கிப் பிடித்தபடியே நிரை முழுவதையும் முடிக்க வேண்டும். ஒரு மரத்தின் வயது எத்தனை என்று பட்டையைப் பார்த்தே சொல்லிவிடும் பழைய வெட்டுக்காரர்கள், தங்கள் முதுகு எந்த ஆண்டில் வளையத் தொடங்கியது என்பதையும் அதே கணக்கில்தான் சொல்வார்கள்.

வெட்டி முடித்த பிறகுதான் பாரம். மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டி, தோளில் ஏற்றி, பால் நிறுக்கிற கொட்டகை வரை நடக்க வேண்டும். மழை பெய்த செம்மண் பாதையில் வாளி தளும்பாமல் நடப்பது தனி வித்தை. கம்பு ஒரு தோளிலேயே நிற்கும்போது கழுத்து மறுபக்கம் சாயும், இடுப்பு அதற்கு எதிராகத் திருகும். பக்கத்தில் காய்கறி போட்ட சீனரும் இதே கம்பில்தான் நீர் சுமந்தார். தமிழருக்கும் சீனருக்கும் கூலியும் குடியிருப்பும் வேறு வேறாக இருந்த நாட்டில், தோளில் காய்த்த தழும்பு மட்டும் ஒரே இடத்தில் இருந்தது.

பிறகு செம்பனை வந்தது. 1917இல் கோல சிலாங்கூர்ப் பக்கம் தென்னமாராம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபோக்கோனியே வணிக அளவில் நட்ட பயிர், 1960களிலிருந்து ரப்பரை மெல்ல மெல்ல ஓரங்கட்டியது. இளமரமாக இருந்தால் உளி போதும். வளர்ந்த மரத்துக்கு நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி மட்டையையும் குலையையும் இழுத்து அறுக்க வேண்டும். விழுகிற குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும். அதைக் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். குனிவது போய் அண்ணாந்து பார்ப்பது வந்தது. வலி மட்டும் இடுப்பிலிருந்து கழுத்துக்கும் தோளுக்கும் ஏறிக்கொண்டது.

இந்த வலிக்குத் தோட்ட நிர்வாகம் என்ன செய்தது?

மலாயாத் தோட்ட மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் காய்ச்சலின் வரலாறு. 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒழித்து, கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியாச் சாவுகளைப் பெருமளவு குறைத்தார். உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது. பின்னாளில் பல தோட்டங்களுக்கும் அவர் மருத்துவ ஆலோசகரானார். தொழிலாளர் சட்டங்களும் தோட்ட ஆஸ்பத்திரிகளைக் கட்டாயமாக்கின. ஆனால் அந்த ஆஸ்பத்திரிகள் மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு ஆகியவற்றை மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. ஆளைப் படுக்கையில் தள்ளும் நோய்தான் கணக்கில் வரும். வலியோடு வேலைக்கு வருகிறவன் பெரட்டுப் புத்தகத்தில் முழு ஆள். காய்ச்சலுக்குக் குயினின் கொடுத்த ஆஸ்பத்திரி உதவியாளரான டிரசரிடம் முதுகுவலிக்குக் கொடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு களிம்பும், வேலைக்குப் போகலாம் என்ற சீட்டும்தான்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தை மலேசியத் தமிழர் மறக்கவில்லை. ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக் கூடாது என்ற கோரிக்கைகளே அதிகம் நினைவுகூரப்படுகின்றன. அதே பட்டியலில் முறையான மருத்துவ வசதி வேண்டும் என்பதும், பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வேலை நேரம் நீண்டதால் உடம்பு கெட்டது. கெட்ட உடம்பைக் காட்ட இடமில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்ட தொழிலாளர்கள் தங்கள் நோயின் காரணத்தை நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கிடைக்காததைத் தொழிலாளர் குடியிருப்பான லயம் கொடுத்தது. சுளுக்கு எடுக்கிற பாட்டி ஒருவராவது இல்லாத தோட்டம் இல்லை. நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சி, கழுத்திலிருந்து தோள்முனை வரை ஒரே போக்கில் நீவி, முடிச்சு தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலை அழுத்தி நிறுத்துவார். பிறகு உப்பு ஒத்தடம், நொச்சி இலை ஆவி. சித்த மருத்துவம் தொக்கணம் என்ற பெயரில் தட்டல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகையாகப் பிரித்து எழுதி வைத்திருப்பதன் வாழும் வடிவம் இது. வர்மக் கலை அதற்கும் நுணுக்கமானது. உடம்பில் 108 இடங்களைக் குறித்து, அவற்றில் அடிபட்டால் என்ன ஆகும், எங்கே தொட்டு எப்படித் தூண்டினால் இளகும் என்று வகுத்திருக்கிறார்கள் குமரி மாவட்டத்து ஆசான்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. தோளின் மேல்பகுதியில் இருக்கும் காக்கட்டைக் காலம் என்ற புள்ளி, வர்மம் அறிந்தவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு கைவைக்கும் இடம். சீன ஊசி மருத்துவரும் தோளின் அதே வட்டாரத்தில் ஜியான்ஜிங் என்றொரு புள்ளியை வைத்திருக்கிறார். தோள் இறுக்கத்துக்கு அவர் முதலில் தேடுவது அதைத்தான். அடியில் நுரையீரலின் மேல்நுனி இருப்பதால் அங்கே ஊசியை ஆழமாக இறக்கக் கூடாது என்பது அவர்களுடைய பாலபாடம். இரண்டு மரபுகளுக்கும் நடுவே யார் யாரிடம் கற்றார்கள் என்று சண்டை போடுவதில் பயனில்லை. பாரம் சுமந்த உடம்புகளைத் தலைமுறை தலைமுறையாகத் தடவிப் பார்த்த விரல்கள் ஒரே இடத்தில் நின்றதில் வியப்பும் இல்லை.

சீன மருத்துவம் கிள்ளான் பள்ளத்தாக்குக்குள் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களோடு வந்தது. இன்று ஜாலான் பூடுவில் நிற்கும் துங் ஷின் மருத்துவமனையின் வேர் 1881இல் தொடங்கிய ஒரு தரும மருந்தகம். அதை நிறுவிய யாப் குவான் செங் பின்னாளில் கோலாலம்பூரின் கடைசிச் சீனக் கப்பித்தான் ஆனார். 1894இல் அது துங் ஷின் என்ற பெயரைப் பெற்றது.  

ஆனால் அந்தத் தொடக்க காலத்தில் சீன மருத்துவம் என்றால் முதலில் மூலிகைக் கஷாயம்தான். ஊசிக்கு அப்போது சொந்த நாட்டிலேயே கஷ்டகாலம். ஹான் அரச குடும்பத்தைச் சேர்ந்த லியூ ஷெங் கி.மு. 113இல் இறந்தபோது அவர் கல்லறையில் தங்க ஊசிகளும் வெள்ளி ஊசிகளும் வைக்கப்பட்டன. 1968இல் தோண்டி எடுத்தார்கள். 1027இல் சுங் அரசவை மருத்துவர் வாங் வெய்யி, புள்ளிகள் பொறித்த வெண்கல மனிதனை வார்த்து மாணவர்களுக்குத் தேர்வு வைத்தார். இத்தனை பெருமை வாய்ந்த கலையை 1822இல் டாவ்குவாங் பேரரசர் அரச மருத்துவக் கழகத்திலிருந்தே விலக்கினார். அரசரின் மேனியில் ஊசி குத்துவது தகாது என்று காரணம் சொன்னார்கள். அதன் பிறகு ஊசி தெருவோர வைத்தியர் கையில்தான் பிழைத்துக் கிடந்தது. 1929இல் சீன மருத்துவம் முழுவதையுமே ஒழிக்க அரசிடம் ஒரு திட்டம் வந்தது. மருத்துவர்கள் திரண்டு எதிர்த்து அதை நிறுத்தினார்கள். அந்தக் காலகட்டத்தில் செங் தான்ஆன் என்ற மருத்துவர் புள்ளிகளை நவீன உடற்கூற்றியலோடு பொருத்தி எழுதினார். தடித்த பழைய ஊசிகளுக்குப் பதிலாக மெல்லிய கம்பி ஊசிகளைப் பயன்படுத்தினார். இன்று ஜெஞ்சாரோமில் ஒருவர் தோளில் குத்திக்கொள்ளும் ஊசி, ஈராயிரம் ஆண்டு மரபின் பெயரைத் தாங்கினாலும், அதன் மென்மை செங் தான்ஆன் தலைமுறையின் கொடை.

இந்தியாவுக்கும் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. 1938இல் ஜப்பானை எதிர்த்துப் போரிட்ட சீனாவுக்குக் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் துவாரகாநாத் கோட்னிஸை எல்லோரும் அறிவார்கள். அவரோடு போன விஜய்குமார் பாசு, போருக்குப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சீனா சென்று ஊசி மருத்துவம் கற்றுக் கல்கத்தாவில் அதை ஊன்றினார். இலங்கையில் களுபோவில மருத்துவமனையில் அன்டன் ஜயசூரிய அதைப் பரப்பினார். மேற்குலகம் விழித்துக்கொண்டது 1971இல். பெய்ஜிங்கில் குடல்வால் அறுவைக்குப் பிறகு வயிற்று உப்பலுக்கு ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் அதைத் தன் நாளிதழில் எழுதினார். மலேசியா 1974இல் சீனாவோடு தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்டபோது உலகெங்கும் ஊசி பற்றிய பேச்சு சூடாக இருந்தது.

ஜெஞ்சாரோமோ அதற்கு முன்பே முள்வேலியைப் பார்த்துவிட்டது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்ததும் காட்டோரம் சிதறிக் கிடந்த சீனக் குடியானவர்களை அள்ளிக்கொண்டு வந்து புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். தோட்டத்து லயங்களும் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஊரடங்கு, அரிசிப் பங்கீடு, வாசலில் சோதனை. வேலிக்குள் வாழ்ந்தவர்களுக்கு அவசரத்துக்குக் கிடைத்தவர் பக்கத்துத் தெரு சின்சே எனும் சீன வைத்தியர்தான். பின்னாளில் வேலி போனது, கடைத்தெரு நிலைத்தது. மருந்துக்கடையின் மர இழுப்பறைகளுக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில் என்று வைத்தியம் தொடர்ந்தது. சம்பளம் வாங்கிச் சாமான் வாங்க வந்த தமிழர்களும் அந்தக் கடைகளுக்குள் போனார்கள். கோடாலித் தைலமும் டைகர் பாமும் இல்லாத தமிழ் வீடு மலேசியாவில் உண்டா? தைலம் வாங்கப் போனவர் ஒருநாள் கட்டிலில் குப்புறப் படுத்ததில் ஆச்சரியமில்லை.

அந்தக் கட்டிலில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மருத்துவர் முதலில் நாடியைப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். பிறகு தோள்பட்டையை விரலால் அழுத்திக்கொண்டே போய், எங்கே முகம் சுளிக்கிறது என்று கவனிப்பார். ஊசி கால் மில்லிமீட்டர் பருமன்; தையல் ஊசியை நினைத்துப் பயந்து வந்தவர் குத்தியதே தெரியாமல் படுத்திருப்பார். ஆனால் ஊசியை மெல்லத் திருகும்போது உள்ளுக்குள் கனமாக, கடுகடுப்பாக ஓர் உணர்வு பரவும். அது வந்தால்தான் ஊசி வேலை செய்கிறது என்பது அவர்கள் கணக்கு. இடுப்புவலிக்கு இடுப்பில் மட்டும் குத்த மாட்டார்கள். முழங்காலின் பின்மடிப்பில் வெய்ஷோங் என்ற புள்ளியிலும் ஓர் ஊசி இறங்கும். இருபது முப்பது நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். சிலருக்கு மாசிப்பத்திரி இனத்து இலையைச் சுருட்டிப் பற்றவைத்து ஊசிக்கு அருகில் சூடு காட்டுவார்கள். சிலருக்குக் கண்ணாடிக் குவளையை முதுகில் கவிழ்ப்பார்கள். வாழ்நாளெல்லாம் ஓடிக்கொண்டே இருந்த தொழிலாளிக்கு, யாரும் அதட்டாமல் அரைமணி நேரம் படுத்திருக்கக் கிடைத்ததும் வைத்தியத்தில் ஒரு பங்கு என்றே கொள்ள வேண்டும்.

ஊசியோடு பார்வையற்றவர்களுக்கு இருக்கும் உறவைச் சொல்லாமல் விட முடியாது. பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் சுகியாமா வாய்ச்சி என்ற பார்வையற்ற மருத்துவர், மெல்லிய குழாய்க்குள் ஊசியை வைத்துத் தட்டி இறக்கும் முறையைப் பரப்பினார். கண் தேவையில்லை, விரல் போதும். பார்வையற்றவர்களுக்காகவே பள்ளிகளும் தொடங்கினார். இன்று உறை பிரித்து எடுக்கும் ஊசியோடு வரும் பிளாஸ்டிக் குழாய் அவருடைய வழிவந்ததுதான். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் அந்த உறவு வேறு வடிவில் இருக்கிறது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே வேரூன்றியது; அதன் பயிற்சி நிலையத்துக்கு, அவசரகாலத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட ஹை கமிஷனர் ஹென்றி கர்னியின் பெயர். கைத்தொழில்களோடு உடம்பு பிடித்துவிடும் பயிற்சியும் பின்னர் சேர்ந்தது. தம்பிப்பிள்ளை சாலைப் பக்கம் வெள்ளைக் கோலோடு நடந்துபோய்க் கடை திறக்கும் பார்வையற்ற மசாஜ்காரர்களிடம் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோரும் தோளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதை எந்த மாலையிலும் பார்க்கலாம்.

அரசு இதையெல்லாம் ஏற்றுக்கொண்டது தாமதமாகத்தான். 2004இல் சுகாதார அமைச்சு பாரம்பரிய மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு அமைத்தது. 2007இல் பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் முதல் பிரிவு திறந்தது. நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பிந்தைய நிலைக்கும் உருட் எனும் மலாய் உடம்புப்பிடிப்பும் ஊசி மருத்துவமும் அங்கே கிடைத்தன. பிறகு புத்ராஜெயா, ஜொகூர் பாரு. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் கோலாலம்பூர் வந்து பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்த அதே பயணத்தில், பாரம்பரிய மருத்துவத்துக்கான ஒப்பந்தமும் இரு நாடுகளுக்கிடையே கையெழுத்தானது. செராஸ் புனர்வாழ்வு மருத்துவமனையில் ஊசிக்குப் பக்கத்தில் வர்ம சிகிச்சையும் இடம்பிடித்தது. வளைவுகளும் விளக்குகளும் செய்தியில் வந்த அளவுக்கு அந்த ஒப்பந்தம் பேசப்படவில்லை. தமிழரின் கைவைத்தியத்துக்கு அரசாங்க மருத்துவமனையில் ஓர் அறை கிடைத்தது அதைவிடப் பெரிய செய்தி. 2016ஆம் ஆண்டின் 775ஆம் சட்டம் பாரம்பரிய மருத்துவர்கள் பதிவு பெற வேண்டும் என்றது. ஊசி குத்துகிறவர் யாரிடம் படித்தார் என்று கேட்க நோயாளிக்கு இப்போது ஒரு வழி உண்டு.

ஊசி உண்மையில் வலியைக் குறைக்கிறதா? ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வை நேர்மையாகப் படிக்க வேண்டும். முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 விழுக்காட்டினர் ஆறு மாதத்தில் தேறினார்கள். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 விழுக்காடு. மருந்தும் உடற்பயிற்சியுமாக வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 மட்டுமே. புள்ளியின் இடம் பெரிய வித்தியாசம் செய்யவில்லை; ஊசியும் படுக்கையும் கவனிப்பும் சேர்ந்த சிகிச்சை வித்தியாசம் செய்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட இடுப்புவலி வழிகாட்டியிலும் ஊசி மருத்துவம் ஒரு தேர்வாக இடம்பெற்றது. கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி ஆகியவற்றுக்குச் சின்சேயிடம் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை நல்ல சின்சேக்களே சொல்லி அனுப்புகிறார்கள்.

இன்று ஜெஞ்சாரோமைச் சுற்றிய தோட்டங்களில் குலை அறுப்பவர்களில் தமிழர் குறைவு. பழைய வெட்டுக்காரர்களின் பிள்ளைகள் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் தொழிற்சாலைகளிலும் கணினித் திரைகளின் முன்னும் உட்கார்ந்து வேறு வகைத் தோள்வலியைச் சம்பாதிக்கிறார்கள். அரிவாள் கம்பு இப்போது இந்தோனேசியர், வங்காளதேசிகளின் கையில். மோட்டார் பொருத்திய வெட்டுக் கருவி வந்திருக்கிறது. அது இழுக்கும் வேலையைக் குறைத்து, அதிர்வைத் தோளுக்கு ஏற்றுகிறது. அரசு மருத்துவமனையின் ஊசிப் பிரிவுக்குப் போக மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், பகல் நேரத்தில் விடுப்பு வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்க்கெசோவின் வேலை விபத்துக் காப்பு உண்டு. விழுந்த குலை காலை நசுக்கினால் அதைக் காட்டி இழப்பீடு கேட்கலாம். பத்தாண்டுகளாக அண்ணாந்து அண்ணாந்து தேய்ந்த கழுத்தை எந்தத் தேதியில் நடந்த விபத்து என்று எழுதிக் கொடுப்பது என்ற கேள்விக்குத்தான் எளிதில் பதில் கிடைப்பதில்லை.